மத்தியானக் காய்ச்சல்

முதலில் எறும்புகள்தான் வந்தன.

காரின் பின்சீட்டில், வலது ஓரத்தில், நூல் பிடித்தாற்போல் ஒரு வரிசை. கேக் பெட்டிகளை வைக்கும் சீட் அது. பழி உடனே என் மேல் விழுந்தது.

"கடைக்குப் போயிட்டுத் திரும்பி வரும்போது பின்னாடி உக்காந்து என்னத்த தின்னே?" என்றாள் அண்ணி.

"வண்டிய ஓட்டுறதே நான்தான் அண்ணி. ஓட்டிக்கிட்டே பின்னாடி எப்படி உக்காருவேன்?"

"உன்னால முடியும்."

சீட்டைத் துடைத்தோம். மறுநாள் மறுபடி வந்தன. சீட் உறையைக் கழற்றித் துவைத்துப் போட்டோம். அதற்கும் மறுநாள் வந்தன. ஒரு துணுக்குக்கூட சிந்தாத சீட்டில் அவற்றுக்கு என்ன வேலை என்று யாரும் யோசிக்கவில்லை. அதற்குள் அதைவிடப் பெரிய தலைவலி வந்துவிட்டது.

அண்ணி வீட்டிலேயே கேக் செய்து விற்கிறாள். அவற்றைக் காரில் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை, கேக்கோடு அவளும் பின்சீட்டில் வருவாள். நான் அவள் கணவனின் தங்கை. எங்கள் ஊர் வெயிலில் கேக்குக்கு இரண்டு எதிரிகள், சூடும் குலுக்கலும். சூட்டுக்கு ஏசி போடலாம். ஆனால் சாதாரணக் காரில் ஏசி ஓட இன்ஜின் ஓட வேண்டும், இன்ஜின் ஓடினால் வண்டி நடுங்கும். சிக்னலில் நிற்கும்போது அந்த நடுக்கம் சீட் வழியாகப் பெட்டிக்கும், பெட்டி வழியாகக் கிரீம் பூவுக்கும் போகும். எங்கள் கார் ஹைப்ரிட். பின்சீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய பேட்டரி படுத்திருக்கிறது. சிக்னலில் நின்றதும் இன்ஜின் தானாக அணைந்துவிடும், ஏசி அந்தப் பேட்டரியில் ஓடும். வண்டி சாமியார் மாதிரி அசையாமல் இருக்கும். பூவும் அசையாது. அண்ணி ஓட்டல் வேலையை விட்டுவிட்டுத் தனியாகத் தொழில் தொடங்கியதே இந்தக் காரை நம்பித்தான்.

அந்தக் கார்தான் போன வாரம் இரண்டு முறை முரண்டு பிடித்துவிட்டு, கடைசியில் பாலத்தின் நடுவில் காலை வாரிவிட்டது.

உச்சி வெயில். முன்னாலும் பின்னாலும் லாரிகள். அசையாமல் நின்றுகொண்டிருந்த வண்டியில் இன்ஜின் திடீரென்று உறுமத் தொடங்கியது. டேஷ்போர்டில் பேட்டரி அளவைக் காட்டும் கோடுகள், நல்ல நாளில் மாடிப்படி இறங்குவது போல நிதானமாக இறங்குபவை, கிணற்றில் விழுந்த கல்லாக அடிக்குப் போயின. ஏசியிலிருந்து வந்த காற்று வெதுவெதுப்பானது. பிறகு, கோளாறு என்று எச்சரிக்கும் முக்கோண விளக்கு எரிந்தது.

போய்ச் சேர்வதற்குள் கேக்கின் ஒரு பக்கம் சரிந்துவிட்டது. வாங்கியவர் வீட்டு வராந்தாவில் மண்டி போட்டு உட்கார்ந்து அண்ணி அதைத் தட்டைக் கத்தியால் நிமிர்த்திய விதத்தைப் பார்த்தால், உடைந்த எலும்புக்குக் கட்டுப் போடுவது போல இருந்தது. 

கேரேஜ்காரர் தன் கம்ப்யூட்டரை வண்டியில் செருகிப் பார்த்தார். "பேட்டரி சரியில்லன்னு காட்டுது. இந்த வெயில்ல இவ்வளவு வருஷம் உழைச்சதே பெருசு. மாத்தினாத்தான் உண்டு."

மாற்றுவது எங்கள் கைக்கு எட்டாத காரியம். அண்ணன் சாப்பாட்டு மேசையில் தீர்ப்பு வாசித்தான். அவனுடைய அலுவலகத்தில் கூட வேலை செய்யும் ஒருவர் இந்த வண்டியை இருக்கிற நிலையிலேயே எடுத்துக்கொள்ளத் தயார். ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறார். ஓட்டல் தலைமைச் சமையல்காரரும் அண்ணிக்கு இரண்டு முறை போன் செய்துவிட்டார். பழைய இடம் காலியாகத்தான் இருக்கிறது, திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"எல்லாம் தானா கூடி வருது பாரு," என்றான்.

அந்தப் பழைய இடத்தை நான் ஒரு முறை பார்த்திருக்கிறேன். ஓட்டலின் தரைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத அறை. சுட்ட ரொட்டிகள் ஒரு சிறு லிஃப்டில் ஏறி மேலே போய்விடும்.

"அங்க நான் சுட்ட எதையும் யார் சாப்பிட்டாங்கன்னு பார்த்ததே இல்லங்க," என்றாள் அண்ணி. "லிஃப்ட் மேல போகும். காலித் தட்டா கீழ வரும். அவ்வளவுதான்."

"காலித் தட்டு வந்தா நல்லா இருந்துச்சுன்னுதானே அர்த்தம்?"

"பூனை தின்னாலும் தட்டு காலியாத்தான் வரும்."

அண்ணன் கை கழுவப் போனான். கெட்டவன் இல்லை. பாலத்தின் நடுவில் நாங்கள் மாட்டிக்கொண்டு நின்றது அவனைப் பயமுறுத்திவிட்டது. பயத்தை அவன் எப்போதும் திட்டமாக மாற்றிவிடுவான்.

மறுநாள் காலை மாவு வாங்க வண்டியை எடுத்தேன். கடை ஊரின் மறுகோடியில் இருக்கிறது. போகும்போது கோடுகள் ஒழுங்காக இறங்கின, பிரேக் போட்டபோது ஒழுங்காக ஏறின. பிரேக் போடும்போது வீணாகிற வேகத்தைத்தான் இந்த வண்டி மின்சாரமாக மாற்றிப் பேட்டரிக்குள் போட்டுக்கொள்கிறது. அதைக் கண்ணால் பார்ப்பது எனக்கு அலுக்காத வேடிக்கை. முக்கோண விளக்கைக் காணோம். ஏசி குளிரில் பல் கிட்டியது.

மாவு மூட்டையோடு சமையலறைக்குள் நுழைந்தேன். "அண்ணி, செத்துப்போனவன் காலையில எழுந்து கடைக்குப் போயிட்டு வருவானா?"

அண்ணி முட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். "யாரு செத்தா?"

"பேட்டரி. காலையில கல்லு மாதிரி இருக்கு. மத்தியானம்தான் படுத்துக்குது. போச்சுன்னா எப்பவும்தானே போயிருக்கணும்?"

அவள் கையில் இருந்த முட்டை அப்படியே நின்றது. "போன வாரம் பூரா யோசிச்சுப் பாரு. படுத்ததெல்லாம் மத்தியானமா?"

யோசித்தேன். ஆமாம், எல்லாமே மத்தியானம்.

"மத்தியானம் மட்டும் காய்ச்சல் வருதுன்னு டாக்டர்கிட்ட போனா, அவர் உடனே ஆளை மாத்துங்கன்னா சொல்லுவாரு? மத்தியானம் என்ன பண்றேன்னுதானே கேப்பாரு?" என்றாள் அண்ணி.

அன்று டெலிவரி இல்லை. அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டு, வெயில் உச்சிக்கு வரும்வரை காத்திருந்து, இருவரும் வண்டியைத் தெருவில் நிழலே இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்தினோம். அண்ணி தன் சாக்லேட் துப்பாக்கியை எடுத்து வந்தாள். தொடாமலே சூட்டைச் சொல்லும் கருவி அது, குறி வைத்து விசையை அழுத்தினால் எண் தெரியும். உருகிய சாக்லேட் இரண்டு டிகிரி கூடினால் பளபளப்புப் போய்விடும் என்பதால் அது இல்லாமல் அவளுக்கு வேலை ஓடாது. எதிர்வீட்டு வாத்தியார், துப்பாக்கி ஏந்தி எங்கள் காருக்குள் நுழையும் அண்ணியைப் பார்த்துவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

ஏசியை முழுவதுமாகத் திறந்துவிட்டோம். அண்ணி சுட்டுக்கொண்டே வந்தாள். "முன்னாடி ஏசி வாய், குளிர்ச்சி. உன் சீட், குளிர்ந்துகிட்டு வருது. கூரை, இறங்குது. பின்சீட், இறங்குது." பிறகு பின்சீட்டின் முதுகுக்குப் பின்னால், பேட்டரி இருக்கும் மேட்டின் மேல் குறி வைத்தாள். "இது இறங்கல."

கொஞ்சம் பொறுத்து மறுபடி சுட்டாள். வண்டிக்குள் எல்லாமே குளிர்ந்திருந்தது. அந்த மேடு மட்டும் இன்னும் சூடேறியிருந்தது.

"அப்புறம் அந்தச் சத்தம்," என்றாள்.

சத்தம் எனக்குப் பழகிப்போயிருந்தது. பின்னாலிருந்து, பக்கத்து அறையில் யாரோ தலைமுடி உலர்த்துவது போல ஒரு இரைச்சல். வண்டி வாங்கிய புதிதில் அது இருந்ததில்லை. மாதக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியதால் அது ஏறியதே தெரியவில்லை.

"பேட்டரியோட ஃபேன் அது," என்றேன். "மின்சாரம் உள்ள போனாலும் பேட்டரி சூடாகும், வெளிய வந்தாலும் சூடாகும். அந்தச் சூட்டைக் காத்துதான் எடுத்துக்கிட்டுப் போகணும். வெளிக்காத்து எப்படியும் கொதிக்குது. அதனால நாம ஏசி போட்டுக் குளிரவைக்கிற காத்தையே அதுவும் இழுத்துக்கும்."

"நம்ம காத்தையா? எந்த வழியா?"

நான் கையை நீட்டிக் காட்டினேன். பின்சீட்டின் வலது ஓரத்தில், உட்கார்ந்தால் முழங்கை படுகிற இடத்தில், உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் கிரில். இதை அடைக்காதீர்கள் என்று அதன் மேலேயே அச்சடித்திருக்கிறது. நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டவள். கேக் பெட்டிகள் சமமாக உட்கார சீட்டின் மேல் ஒரு பலகை போட்டிருக்கிறோம். அந்தப் பலகையைக்கூட கிரில்லுக்கு ஒரு சாண் முன்னாலேயே நிற்கும்படி தச்சரிடம் சொல்லி வெட்டியிருந்தேன்.

காட்டிய கை அப்படியே நின்றது. எறும்பு வரிசை பலகையின் ஓரமாக ஏறி, வளைந்து, அந்தக் கிரில்லுக்குள் போய்க்கொண்டிருந்தது. உள்ளே போனவை போய்க்கொண்டே இருந்தன. வெளியே வந்தவற்றில் பாதி வாயில் எதையோ கவ்விக்கொண்டு வந்தன.

"பேட்டரிய எறும்பு திங்குமா?" என்றாள் அண்ணி.

"தெரியல. இருங்க."

ஒரு டிஷ்யூ தாளை எடுத்து, இரண்டு மடிப்பைப் பிரித்து மெல்லியதாக்கி, கிரில்லின் மேல் வைத்துக் கையை எடுத்தேன். காற்று உள்ளே போனால் தாள் அப்பிக்கொள்ள வேண்டும். உள்ளே அந்த ஃபேன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. தாள் லேசாகத் தயங்கி, நழுவி, சீட்டில் விழுந்தது.

"இவ்வளவு சத்தம் போடுது, ஒரு தாளை இழுக்க முடியல," என்றேன்.

"உங்க அண்ணன் கல்யாண வீட்ல வேலை பார்க்குற மாதிரி."

கிரில்லின் நான்கு கிளிப்புகளை விரலால் நெம்பி எடுத்தேன். உள்ளே ஒரு பிளாஸ்டிக் வலை, தூசி பிடிப்பதற்காக இருப்பது. வலை தெரியவில்லை. வெள்ளையாக, வழவழப்பாக, ஓரங்களில் பழுப்பேறிய ஒரு ஓடு அதை மூடியிருந்தது. நடுவில் இரண்டு மூன்று பொத்தல்கள். எறும்புகள் அந்தப் பொத்தல்களில் வாசல் வைத்துக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன.

சுண்ணாம்பு மாதிரி இருந்தது. பேட்டரியிலிருந்து ஏதாவது ரசாயனம் கசிந்து உறைந்திருக்குமோ என்று எனக்குப் பயம். தொடாதீர்கள் என்று சொல்ல வாய் திறப்பதற்குள் அண்ணி அதை நகத்தால் சுரண்டி, முகர்ந்து, நாக்கில் வைத்துவிட்டாள்.

"அண்ணி!"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மாவை ருசி பார்க்கும்போது மூடுவது போல. திறந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"என் சர்க்கரை," என்றாள்.

அண்ணியின் கேக்குகளுக்கு ஊரில் பெயர் வந்ததே அந்தப் பொடிச் சர்க்கரையால்தான். மாவு போல அரைத்த சர்க்கரையை மேலே தூவினால் கேக் அழகாக இருக்கும், யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால் எங்கள் ஊர்க் காற்றில் பாதிக்குப் பாதி தண்ணீர். வீட்டில் தூவிக் கொண்டுபோனால் போய்ச் சேர்வதற்குள் சர்க்கரை வியர்த்து, கரைந்து, கேக்குக்கு அம்மை போட்டது போல ஆகிவிடும். அதனால் அண்ணி வீட்டில் தூவுவதே இல்லை. வாங்குபவர் வாசலில் வண்டியை நிறுத்தி, கதவுகளைச் சாத்தி, ஏசியை முழு வேகத்தில் வைத்துவிட்டு, குளிர்ந்து காய்ந்த அந்தக் காற்றுக்குள் பின்சீட்டில் உட்கார்ந்து சல்லடையைத் தட்டுவாள். கடைசித் தூவல் என்று அதற்கு எங்கள் வீட்டில் பெயர். பெட்டியைத் திறப்பவர்கள், இப்போதுதான் வானத்திலிருந்து விழுந்தாற்போல இருக்கிறதே, எப்படி என்று கேட்பார்கள். அண்ணி சொல்ல மாட்டாள்.

தட்டும்போது சர்க்கரையெல்லாம் கேக்கில் விழாது. ஒரு பங்கு புகையாக எழும்பும். வெயிலில் வந்து நின்ற வண்டியில் பேட்டரி ஃபேன் அப்போதுதான் முழு மூச்சில் இழுத்துக்கொண்டிருக்கும். அதன் மூக்குக்கு ஒரு முழ தூரத்தில், மாதக் கணக்காக, அண்ணி சர்க்கரைப் புகை போட்டிருக்கிறாள். இரவில் ஏசி இல்லாதபோது ஈரம் பட்டு அது இளகும், பகலில் காய்ந்து இறுகும். ஓட்டின் மேல் ஓடு. எதுவும் மறைக்காமல் நான் அந்த மூக்கைத் திறந்து வைத்திருந்ததுதான் சர்க்கரைக்கு இன்னும் வசதியாகப் போயிற்று.

மூச்சு முட்டியதும் பேட்டரி சூடேறுகிறது. சூடேறினால் கெட்டுவிடும் என்று வண்டியின் கம்ப்யூட்டர் அதற்கு வேலையைக் குறைக்கிறது. வேலை இன்ஜின் தலையில் விழுகிறது, அதனால்தான் அந்த உறுமல். ஏசிக்குப் போகும் மின்சாரமும் குறைகிறது. ஏசி குறைந்தால் வண்டிக்குள் காற்று சூடாகிறது. அந்தச் சூடான காற்றைத்தான் பேட்டரி மறுபடி மூச்சாக இழுக்க வேண்டும். இப்படியே சுற்றிச் சுற்றி முக்கோண விளக்கில் வந்து நிற்கிறது. காலையில் ஏன் வரவில்லை என்பதும் இப்போது புரிந்தது. காலைக் காற்றுக்கு அந்த இரண்டு மூன்று பொத்தலே போதும்.

இதையெல்லாம் நான் ஒரே மூச்சில் சொல்லி முடித்தபோது அண்ணி வலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கேக் சரியக் கூடாதுன்னு பொத்திப் பொத்தி வச்சேன்," என்றாள். "பின்னாடி ஒருத்தன் மூக்கைப் பொத்திக்கிட்டு இருந்திருக்கேன்."

"அவன் இன்னும் சாகல அண்ணி. வாங்க, வாத்தியார் மறுபடி ஜன்னலைத் திறக்குறதுக்குள்ள கேரேஜுக்குப் போவோம்."

வலையை நாங்களே கழுவிவிட்டோம். ஆனால் வலைக்கண் வழியாகச் சர்க்கரை நுழைந்து ஃபேனுக்கும் போயிருக்கும். ஃபேன் பேட்டரியை ஒட்டி இருக்கிறது. அங்கே ஓடும் ஆரஞ்சு நிற வயர்களில் வீட்டு மின்சாரத்தைவிடப் பொல்லாத மின்சாரம் இருக்கிறது. ஆரஞ்சு நிறத்தைக் கண்டால் கையை எடு என்பது அந்த வண்டிகளின் சட்டம். அது நம் வேலை இல்லை.

கேரேஜ்காரர் வலையின் கதையைக் கேட்டு முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "இருங்க, நான் ஃபேன் ஓடுதான்னு பார்த்தேன். ஓடுச்சே. கம்ப்யூட்டரும் ஃபேன்ல குத்தம் சொல்லல."

"ஓடத்தாண்ணே செய்யுது. காத்துதான் போகல," என்றேன்.

"அட." அவர் கன்னத்தைச் சொறிந்தார். "ஃபேன் சுத்துதான்னு அதுக்குத் தெரியும். காத்து வருதான்னு அதுக்குத் தெரியாது. சரிதான். சரிதான்! பார்த்துருவோம், எனக்கே ஆசையா இருக்கு."

முழங்கைவரை ரப்பர் கையுறை மாட்டினார். பேட்டரியின் பக்கவாட்டில் இருந்த ஒரு பிடியைத் திருகி உருவினார். "இத எடுத்துட்டா பேட்டரி ரெண்டு பாதியா பிரிஞ்சிரும். ஆனாலும் உடனே கை வைக்கக் கூடாது. உள்ள மிச்சம் இருக்குறது வடியணும்." அந்தப் பிடியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வேறு யாரும் தெரியாமல் திரும்ப மாட்டிவிடக் கூடாதாம். வடியும்வரை அண்ணியிடம் கேக் ஏன் நடுவில் பள்ளமாகிறது என்று விசாரித்தார். அவர் மனைவி சுட்டால் ஒவ்வொரு முறையும் ஆகிறதாம். அடுப்பை நடுவில் திறந்து பார்ப்பார்களா என்று அண்ணி கேட்டாள். "நான்தான் திறந்து பார்ப்பேன்," என்றார்.

ஃபேன் வெளியே வந்தது. டப்பா போன்ற கூட்டுக்குள் ஒரு உருளை, அதைச் சுற்றிலும் சீப்புப் பல் மாதிரி மெல்லிய இறக்கைகள். அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். இப்போது ஒவ்வொரு பல்லிடுக்கிலும் பழுப்புச் சர்க்கரை அடைத்திருந்தது. உருளை சுற்றும், ஆனால் வழவழப்பான ஒரு கட்டைதான் சுற்றும். காற்றை அள்ள அதில் இறக்கையே மிச்சமில்லை.

"இது ஃபேன் இல்லம்மா, மிட்டாய்," என்றார் கேரேஜ்காரர். "எத வச்சு இதச் சுரண்டுறது?"

அண்ணி அன்று முதல் முறையாகச் சிரித்தாள். "சுரண்டாதீங்க. வெந்நீர் இருக்கா?"

மோட்டாரைத் தனியாகப் பிரித்து வைத்துவிட்டு உருளையை மட்டும் வெந்நீர் வாளியில் போட்டோம். கிரீஸோ தாரோ என்றால் கெரசினோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். இது கொஞ்ச நேரத்தில் தானாகக் கரைந்து, கலங்கல் பாகாக வாளியில் இறங்கிவிட்டது. பல் பல்லாக இறக்கைகள் வெளிவந்தன. காயவைத்து, மாட்டி, அந்தப் பிடியையும் திருகி வைத்து, வண்டியை ஓடவிட்டு ஏசியைப் போட்டார். நான் டிஷ்யூ தாளை நீட்டினேன். கையிலிருந்து பிடுங்கியது போல அது கிரில்லில் போய் அப்பிக்கொண்டது. இரைச்சல் இல்லை, ஒரு மெல்லிய முனகல் மட்டும்.

கேரேஜ்காரர் அந்தத் தாளைப் பிய்த்து, மறுபடி விட்டு, மறுபடி பிய்த்து, நான்கைந்து முறை விளையாடினார்.

"அப்ப பேட்டரி நல்லாயிருச்சா?" என்றாள் அண்ணி.

"அத நான் எப்படிச் சொல்ல? இவ்வளவு மாசம் வெந்திருக்கு. வெந்ததுல கொஞ்சம் கெட்டிருக்கும், அது திரும்பி வராது. மிச்சம் எவ்வளவு இருக்குன்னு வெயில்ல ஓட்டினாத்தான் தெரியும். அடுத்த டெலிவரி எப்ப?"

"நாளைக்கு. மத்தியானம்."

"பெரிய கேக்கா?"

"மூணு அடுக்கு."

"அப்ப அதுதான் பரீட்சை."

இரவு சாப்பாட்டின்போது அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். சர்க்கரையை நாக்கில் வைத்த இடத்தில் மட்டும் அவனுக்குப் புரையேறியது. பிறகு, "நாளைக்கு நானும் வர்றேன்," என்றான்.

"எதுக்கு? நடுவழியில நின்னா தள்ளுறதுக்கா?" என்றேன்.

"ஆமா வாலு. தள்ளுறதுக்குத்தான்."

ஓய்வு பெறும் ஒரு தலைமை ஆசிரியைக்கு அவருடைய பழைய மாணவர்கள் கொடுக்கும் விருந்து அது. மண்டபம் பாலத்துக்கு அந்தப் பக்கம். காலையிலிருந்தே வண்டியை மரநிழலில் விட்டிருந்தோம், முன்கண்ணாடிக்கு வெள்ளித் தாள் மறைப்பு, ஜன்னல்கள் விரலளவு திறந்து. கிளம்பும் முன் கதவுகளையெல்லாம் திறந்துவிட்டு உள்ளே தேங்கிய சூட்டை வெளியேற்றினேன். ஏசியைப் போட்டதும் அண்ணி டிஷ்யூவை வைத்துப் பார்த்தாள். அப்பியது.

அண்ணன் முன்சீட்டில் உட்கார்ந்து டேஷ்போர்டையே முறைத்தான். எட்டுக் கோடுகளில் ஆறு இருந்தன. பின்சீட்டில் கேக்குக்குப் பக்கத்தில் அண்ணி, மடியில் துப்பாக்கி.

பாலத்தின் ஏற்றத்தில் லாரிகள் நின்றன. நாங்களும் நின்றோம். இன்ஜின் அணைந்தது. ஏசி காற்று மட்டும் வந்துகொண்டிருந்தது. தார் ரோட்டின் மேல் கானல் நெளிந்தது.

"அஞ்சு," என்றான் அண்ணன்.

"இறங்கத்தான் செய்யும். ஏசி ஓடுதுல்ல," என்றேன்.

"நாலு. வேகமா இறங்குதா, மெதுவா இறங்குதா?"

"புதுசுல இதைவிட மெதுவா இறங்கும்," என்றேன் மறைக்காமல்.

"பின்னாடி எப்படி?" என்று அவன் திரும்பினான்.

அண்ணி சுட்டாள். "ஏறல. அப்படியே நிக்குது."

முன்னால் இருந்த லாரி புகையைக் கக்கிவிட்டு நகரவில்லை. கோடு மூன்றுக்கு வந்தது. அண்ணன் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான், நிஜமாகவே தள்ளத் தயாரானவன் போல. அப்போது இன்ஜின் எழுந்தது. உறுமவில்லை. யாரோ தொண்டையைச் செருமுவது போல எழுந்து, கொஞ்ச நேரம் ஓடி, கோட்டை நாலுக்கு ஏற்றி வைத்துவிட்டு மறுபடி அணைந்தது. கேக் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

"இதான் நல்லா இருக்கும்போது பண்றதா?" என்றான் அண்ணன்.

"இதான்."

பாலத்திலிருந்து இறங்கும்போது பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே வந்தேன். நாலு ஐந்தானது. ஐந்து ஆறானது. அண்ணன் ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொன்னான். முக்கோண விளக்கு இருந்த இடம் கறுப்பாகவே இருந்தது.

மண்டபத்து வாசலில் நிறுத்தினோம். கடைசித் தூவலுக்கு அண்ணி ஒரு புது ஏற்பாடு வைத்திருந்தாள். அட்டைப்பெட்டியின் மூடியில், சல்லடை சரியாகப் பொருந்தும் அளவுக்கு வட்டமாக ஓட்டை வெட்டியிருந்தாள். மூடியை மூடி, சல்லடையை ஓட்டையில் உட்காரவைத்துத் தட்டினால் சர்க்கரை பெட்டிக்குள்ளேயே பொழியும், புகை வெளியே வராது. நேற்று மாலை முழுவதும் காலிப் பெட்டியில் தட்டிப் பழகியிருந்தாள். ஆனால் இன்று பதற்றத்தில் சல்லடையை அழுத்திவிட்டாள், அது மாட்டிக்கொண்டது. இழுத்தால் மூடியும் சேர்ந்து வந்தது.

"என்னங்க, பெட்டியப் பிடிங்க!"

அண்ணன் முன்சீட்டிலிருந்து பாதி உடம்பைப் பின்னால் திணித்துப் பெட்டியைப் பிடித்தான். அண்ணி திருகினாள். சல்லடை கழன்று வந்த வேகத்தில், அதில் மிச்சமிருந்த சர்க்கரையெல்லாம் அண்ணனின் மீசையில் விழுந்தது. கிரில்லுக்கு ஒரு துளி போகவில்லை. பெட்டிக்குள் எட்டிப் பார்த்தோம். மூன்று அடுக்கும் வெள்ளைவெளேரென்று, வானத்திலிருந்து விழுந்தாற்போல.

அந்த ஆசிரியை எப்படி என்று கேட்டபோது அண்ணி வழக்கம்போல் சொல்லவில்லை. ஆனால் அவர் முதல் துண்டை வாயில் வைக்கும்வரை அங்கேயே நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அலுவலக நண்பர் வந்தார், தோளில் ஒரு பெரிய பையோடு. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வரலாம் என்றார். அண்ணன் மறுக்கவில்லை, வண்டியை ஓடவிட்டு ஏசியைப் போட்டான். வீடு தேடி வந்தவரிடம் வாசலிலேயே எப்படிச் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை போலும். வண்டியை விற்பதா வேண்டாமா என்று முந்தின இரவும் அவன் சொல்லியிருக்கவில்லை. அண்ணி வாசல்படியில் நின்றாள். கையில் போன். தலைமைச் சமையல்காரரின் எண் திரையில் இருந்தது, அவள் அழுத்தவில்லை.

நண்பர் பின்கதவைத் திறந்து, பலகையைத் தட்டிப் பார்த்து, பையைக் கழற்றி ஓரமாக வைத்தார். கிரில்லின் மேல் சாய்ந்து நின்றது பை.

நானும் அண்ணியும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தோம்.

"சார், அந்தப் பைய எடுங்க," என்றான் அண்ணன்.

"ஏன்?"

"அது மூச்சு விடுற இடம்." அவன் குனிந்து பையைத் தானே நகர்த்தினான். சட்டைப் பையிலிருந்து ஒரு டிஷ்யூ தாளை எடுத்தான். நான் அதை எதிர்பார்க்கவில்லை. இரண்டு மடிப்பைப் பிரித்து, வைத்து, கையை எடுத்தான். "பாத்தீங்களா? இழுக்குதா? பேட்டரிக்கு நம்ம ஏசி காத்துதான் சார் வேணும். இதை அடைச்சா மத்தியானம் காய்ச்சல் வந்துரும். உள்ள ஒரு ஃபேன் இருக்கு, சீப்பு மாதிரி, அதுல…"

நண்பர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "எல்லாம் சரி. வண்டிய எப்ப எடுத்துக்கலாம்?" என்றார்.

அண்ணன் கிரில்லில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தான். பிறகு வாசல்படியைப் பார்த்தான்.

"இது எவ்வளவு நாள் ஓடும்னு எங்களுக்கே தெரியாது சார். ஓடுற வரைக்கும் நாங்களே வச்சுக்குறோம். உள்ள வாங்க, கேக் இருக்கு."

அண்ணி போனைக் காதில் வைத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் போனாள். மறுமுனையில் எடுத்ததும் அவள் சொன்னது எனக்குக் கேட்டது. "இல்ல சார், வரல. ஒண்ணு கேக்கணும் சார், நம்ம ஓட்டல் டெலிவரி வண்டியும் ஹைப்ரிட்தானே, அதுல எறும்பு வருதா?"